கடன் நம்முடையது, மானமும் நம்முடையது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் படப்பையில் பேசியது. மலருக்காக எழுதிக் கொடுக்கப்பட்டது.)



நான் பெரிய பேச்சாளர் கிடையாது. பதினாறு வருஷமாகக் குழுவில் கணக்கு எழுதுறவ. எனக்குத் தெரிஞ்சது வரவு, செலவு, நிலுவை. "கடன் வசூலுக்கு வர்றவங்களைப் பத்தி நீங்களே பேசுங்க"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. ஏன் என்னைச் சொன்னாங்கன்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை முதலில் சொல்லிடுறேன். சொல்லாமல் சட்டம் பேசினால் என் மனசு கேட்காது.

நான் நின்ற வாசல்

சில வருஷத்துக்கு முன்னாடி எங்க தெருவில் தனியார் மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனம் ஒண்ணு குழு லோன் கொடுத்தது. பேர் சொல்ல வேண்டாம். பத்து பேர் சேர்ந்து வாங்கினோம். நான்தான் சென்டர் லீடர். செவ்வாய்க்கிழமை காலையில் என் வீட்டுத் திண்ணையில்தான் மீட்டிங்.

அந்தப் பத்து பேரில் ஒரு தங்கச்சி. அவ வீட்டுக்காரர் ஒரகடம் பக்கம் உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தார். ஆர்டர் குறைஞ்சதுன்னு கான்ட்ராக்ட் ஆளுங்களை நிறுத்திட்டாங்க. இரண்டு வாரம் அவ பணம் கட்டலை. மூணாவது வாரம் மீட்டிங்குக்கே வரலை. வசூலுக்கு வந்த தம்பி, "அவங்க கட்டுற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. இல்லேன்னா அடுத்த லோன் யாருக்கும் கிடையாது"ன்னு சொல்லிட்டார்.

நாங்க என்ன செய்தோம் தெரியுமா? ஒன்பது பேரும் எழுந்து நேரா அவ வீட்டுக்குப் போனோம். முன்னாடி போனவ நான். தெருவே கேட்கிற மாதிரிப் பேசினேன். "மிக்சியை அடகு வையேன், எங்களை ஏன் சாகடிக்கிறே"ன்னு கேட்டேன். அவ பொண்ணு ஸ்கூல் யூனிஃபார்மில் கதவுக்குப் பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டே இருந்துச்சு.

அன்னைக்குப் பணம் வந்தது. எங்கிருந்து வந்ததுன்னு நான் கேட்கலை. தண்டலுக்கு வாங்கினாள்னு பிறகுதான் தெரிஞ்சது. இரண்டு மாசத்தில் வீட்டைக் காலி பண்ணிட்டு அம்மா ஊருக்குப் போயிட்டா.

அப்போ நான் என்னை நல்ல லீடர்னு நினைச்சேன். நூறு சதவீத வசூல்னு கைதட்டினாங்க. அந்தக் கம்பெனியின் வேலையை அந்த வாசலில் சம்பளம் இல்லாமல் செய்தவ நான்தான்னு புரிய ரொம்ப நாளாச்சு.

அந்தத் தங்கச்சி திரும்பி வந்துட்டா. இப்போ நம்ம கூட்டமைப்பில்தான் இருக்கா. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "பேரைச் சொல்லாமல் சொல்லுக்கா, நாலு பேருக்குப் பயன்படட்டும்"னு அவ சொன்ன பிறகுதான் இங்கே பேசுறேன்.

எது எந்தக் கடன்?

நம்மில் பல பேருக்கு எல்லாமே "குழு லோன்"தான். மூணையும் பிரிச்சுத் தெரிஞ்சுக்கணும்.

முதலாவது, நம்ம சுய உதவிக் குழு கடன். நம்ம சேமிப்பு, நம்ம தீர்மானம், வங்கி குழுவுக்குக் கொடுக்கிறது. 10 லட்சம் ரூபாய் வரைக்கும் வங்கி பிணையம் கேட்கக் கூடாது.

இரண்டாவது, தனியார் மைக்ரோ ஃபைனான்ஸ். ஐந்து, பத்து பேரைச் சேர்த்து உட்கார வைச்சாலும் கடன் ஒவ்வொருத்தர் பேரில்தான். இவங்க ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் வர்றவங்க.

மூணாவது, தண்டல், மீட்டர் வட்டி, ரன் வட்டி, கந்து வட்டி. காலையில் 900 கொடுத்து மாலையில் 1,000 வாங்குற ஆளுங்க. தமிழ்நாட்டில் இதைத் தடை செய்ய 2003-லேயே அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் வந்துடுச்சு. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். நியாயமான வட்டியோடு பணத்தை நீதிமன்றத்தில் கட்டிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளவும் கடனாளிக்கு அந்தச் சட்டம் வழி கொடுக்குது.

சட்டம் இருந்தும் 2017 அக்டோபர் 23-ஆம் தேதி, திங்கள்கிழமை மனு நாளில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் தீக்குளிச்சதை நாம டிவியில் பார்த்தோம். கந்து வட்டிக் கொடுமைன்னு பல தடவை மனு கொடுத்தவங்க. நாலு பேருமே போயிட்டாங்க. அதுக்கு முன்னாடி 2010-ல் ஆந்திராவில் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனில் சிக்கிப் பெண்கள் தற்கொலை செய்துகொண்ட செய்தி வரிசையா வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டமே போட்டது. அதன் பிறகுதான் ரிசர்வ் வங்கி இந்த நிறுவனங்களுக்குத் தனி விதிகள் கொண்டு வந்தது. இன்னைக்கு நான் சொல்லப் போற விதி ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஏதோ ஒரு வீட்டு அழுகை இருக்கு. அதனால் அதைச் சும்மா விட்டுடாதீங்க.

வாங்கும் முன் நாலு கேள்வி

வசூல் தொல்லை கையெழுத்துப் போடுற அன்னைக்கே ஆரம்பிச்சிடுது.

ஒண்ணு, "வட்டி எவ்வளவு, எந்த முறையில்?" 40,000 ரூபாய் வாங்கி, மாசம் 2,115 வீதம் 24 மாசம் கட்டுறோம்னு வைங்க. மொத்தம் 50,760. வட்டி மட்டும் 10,760. "வருஷத்துக்கு 13 சதவீதம்தான் அக்கா"ன்னு சொல்வாங்க. அது முழு 40,000-மும் இரண்டு வருஷமும் நம்ம கையிலேயே இருந்த மாதிரிப் போடுற கணக்கு. நாம மாசா மாசம் அசலைக் குறைச்சுக்கிட்டே வர்றோம் இல்லையா? குறையும் நிலுவைக்குக் கணக்குப் போட்டால் அது 24 சதவீதம். அதனால், "குறையும் நிலுவைக்கு எவ்வளவு?"ன்னு கேளுங்க.

இரண்டு, "என்னென்ன பிடிக்கிறீங்க?" விலை விவரத் தாளில் எழுதாத எந்தக் கட்டணத்தையும் நம்மிடம் வாங்கக் கூடாது. இன்சூரன்ஸ், மிக்சி, குக்கர், சோலார் விளக்குன்னு சேர்த்துக் கட்ட வைக்கக் கூடாது. நம்ம முழுச் சம்மதம் இருந்தால் மட்டும்தான். இன்சூரன்ஸ் பிடிச்சாங்கன்னா சான்றிதழ் நகலைக் கேட்டு வாங்கி, வீட்டில் இன்னொருத்தருக்கும் காட்டி வைங்க. அதில் வீட்டுக்காரர் பேரும் இருக்கான்னு பாருங்க. அவர் இறந்த பிறகும் இன்சூரன்ஸ் இருக்குன்னே தெரியாமல் தவணை கட்டின அக்காவை நான் பார்த்திருக்கேன்.

மூணு, "நம்ம வருமானம் தாங்குமா?" 2022 ஏப்ரல் 1 முதல் இருக்கும் விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குப் பிணையம் இல்லாமல் கொடுப்பதுதான் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன். குடும்பம்னா கணவன், மனைவி, கல்யாணம் ஆகாத பிள்ளைங்க. எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மாசம் 20,000 வந்தால், வண்டி இ.எம்.ஐ., போன் இ.எம்.ஐ., குழு லோன் எல்லாம் சேர்த்து 10,000-க்குள்ள. இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டியது அவங்க பொறுப்பு. ஆனால் நாமளும் வருமானத்தைக் கூட்டிச் சொல்லக் கூடாது.

இங்கே நம்ம ஊர் நிலைமையை யோசிங்க. ஓவர்டைம் வர்ற மாசத்தை வைச்சுத் தவணை போடுறோம். கம்பெனி எப்பவும் இருக்கும்னு நினைக்கிறோம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் வந்தது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி மூடினாங்க. அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கான பேரில் பாதிக்கு மேல் பெண்கள். கம்பெனி பஸ் நின்னாலும் தவணை தேதி நிற்காது. அதனால் ஓவர்டைம் இல்லாத மாசத்து வருமானத்தை வைச்சே கணக்குப் போடுங்க.

நாலு, "இந்தப் பணம் யாருக்கு?" இது நம்மகிட்டயே கேட்டுக்க வேண்டிய கேள்வி. "என் பேரில் வாங்கிக் கொடு, நான் கட்டிடுறேன்"னு நாத்தனார் கேட்பாங்க, பக்கத்து வீட்டு அக்கா கேட்பாங்க. கையெழுத்து யாருதோ கடனும் அவங்களுதுதான். அப்புறம் எந்த அதிகாரியிடம் போய் அழுதாலும் முதலில் கையெழுத்தைத்தான் காட்டுவாங்க.

கூடவே ஒரு வேண்டுகோள். எழுதாத பாண்டு பத்திரத்திலும், தொகை எழுதாத செக்கிலும் கையெழுத்துப் போடாதீங்க. செக் திரும்பினால் அது தனி வழக்கு, குற்ற வழக்கு. கடன் அட்டையை நமக்குப் புரிகிற மொழியில் கேட்டு வாங்குங்க. கட்டின ஒவ்வொரு தவணையும் அதில் ஏறணும். "அப்புறம் போட்டுத் தர்றேன்"னு சொன்னால், போட்ட பிறகு பணம் கொடுங்க.

தவணை தவறினால் என்ன நடக்கும்?

பயத்துக்குப் பாதிக் காரணம், அடுத்து என்ன வரும்னு தெரியாததுதான். வரிசையாச் சொல்றேன்.

தவணை தேதி தாண்டின நாளிலிருந்து பாக்கி எண்ணிக்கை ஆரம்பிக்கும். தாமதக் கட்டணம் போடலாம். ஆனால் பாக்கி நின்ன தவணைத் தொகைக்கு மட்டும்தான். 2,115 பாக்கின்னா அந்த 2,115-க்குத்தான், முழு 40,000-க்கும் போடக் கூடாது. 90 நாள் தாண்டினால் வாராக் கடன்னு எழுதுவாங்க. சிபில் மாதிரி கடன் தகவல் நிறுவனத்துக்கும் நம்ம பேர் போகும். அது அடுத்த கடனைப் பாதிக்கும். நம்ம கடன் அறிக்கையை வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமாக வாங்கலாம். தப்பு இருந்து, சொல்லியும் 30 நாளில் திருத்தலைன்னா, அதுக்கு மேல் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்க உரிமை இருக்கு.

அடுத்தது, வசூலை ஏஜென்சிக்குக் கொடுப்பாங்க. அப்போ ஏஜெண்ட் யார்னு நிறுவனம் நமக்கு முன்னாடியே தெரிவிக்கணும். வர்றவர் கையில் மூணு தாள் இருக்கணும்: அடையாள அட்டை, நிறுவனத்தின் அதிகாரக் கடிதம், நமக்கு அனுப்பின அறிவிப்பின் நகல். அது மூணும் இல்லாமல் வாசலில் நிற்கிறவர் நமக்கு யாரோ ஒருத்தர். அவரிடம் பணம் கொடுக்காதீங்க.

அதுக்கும் மேல் போனால் வக்கீல் நோட்டீஸ், லோக் அதாலத் அழைப்பு, இல்லேன்னா சிவில் வழக்கு. நோட்டீஸைக் கிழிச்சுப் போடாதீங்க. லோக் அதாலத் சமரசத்துக்கான இடம். நாம ஒத்துக்கிட்டால்தான் தீர்வு. ஆனால் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் முடியுற தொகையைத்தான் ஒத்துக்கணும். சிவில் வழக்கில் நாம போகாமல் இருந்தால், நாம இல்லாமலேயே தீர்ப்பு சொல்லிடுவாங்க.

தீர்ப்பே நமக்கு எதிரா வந்தாலும்? இதைத்தான் நல்லாக் கேட்கணும். பணம் கட்டாததுக்காக வந்த சிவில் தீர்ப்பை நிறைவேற்ற ஒரு பெண்ணைக் கைது பண்ணிச் சிறையில் வைக்கக் கூடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 56-ஆவது பிரிவு. அதே சட்டத்தின் 60-ஆவது பிரிவு, உடுத்துற துணி, சமைக்கிற பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாதுன்னு சொல்லுது. இந்தச் சட்டம் 1908-லேயே வந்தது. நூறு வருஷத்துக்கு மேலா நம்ம சோத்துப் பானைக்கும் தாலிக்கும் சட்டத்தில் காவல் இருக்கு. "மிக்சியை அடகு வை"ன்னு அன்னைக்குக் கத்தினேனே, எனக்கு அப்போ இது தெரியாது.

வீட்டுப் பத்திரத்தை வைச்சு வாங்கின பெரிய கடனுக்கு வழி வேற. சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் எழுத்து அறிவிப்பு கொடுக்காமல் வீட்டைத் தொட முடியாது. அந்த 60 நாளுக்குள் பதில் எழுதணும். கடன் முழுசாக முடிஞ்சால் 30 நாளில் பத்திரத்தைத் திருப்பித் தரணும். அவங்க தாமதம் பண்ணினால் நாளுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தரணும்.

வசூலுக்கு வர்றவங்க செய்யக் கூடாதவை

மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு ரிசர்வ் வங்கி எழுதி வைச்சிருக்கிற விதி இது. வாசல் கதவுக்குப் பின்னாடி ஒட்டி வைங்க.

காலை 9 மணிக்கு முன்னாடியும் மாலை 6 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது. மற்ற வங்கி, ஃபைனான்ஸ் கடனுக்கு வசூல் ஏஜெண்ட் காலை 8-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் கூப்பிடக் கூடாது.

திட்டக் கூடாது, மிரட்டக் கூடாது. விடாமல் போன் போட்டுத் தொல்லை கொடுக்கக் கூடாது.

சொந்தக்காரங்க, சிநேகிதிங்க, கூட வேலை செய்றவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது. கம்பெனி கேட்டில் வந்து நின்னு சூப்பர்வைசரிடம் சொல்றதும் இதில் சேரும்.

கடன் வாங்கினவங்க பேரை ஊருக்குத் தெரியப்படுத்தக் கூடாது. வாட்ஸ்அப் குரூப்பில் போடுறது, சுவரில் எழுதுறது எல்லாம்தான்.

உடம்புக்கோ, குடும்பத்துக்கோ, பொருளுக்கோ, மரியாதைக்கோ ஆபத்து வரும்னு பயமுறுத்தக் கூடாது. "ஜெயிலுக்குப் போவே, ரேஷன் கார்டு போயிடும், பிள்ளைக்கு வேலை கிடைக்காது"ன்னு பொய் சொல்லக் கூடாது.

வசூல் இடம் இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணின பொது இடமாக இருக்கணும். தொடர்ந்து இரண்டு தடவை அல்லது அதுக்கு மேல் அந்த இடத்துக்கு நாம வரலைன்னால்தான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ வரலாம். அதனால் பணம் இல்லேன்னாலும் மீட்டிங்குக்குப் போங்க. போய், "இந்த வாரம் இல்லை, காரணம் இது"ன்னு சொல்லுங்க. ஒளிஞ்சால் அவங்களுக்கு வீட்டுக்கு வர்ற வழி திறந்துடும்.

குண்டர்களை வைச்சுக் கடன் வசூலிக்கிறதை உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டிச்சிருக்கு. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் கட்டாயக் கடன் வசூலைத் தடுக்கத் தனிச் சட்டமே நிறைவேறியது. மிரட்டுறது, பின்தொடர்றது, பொருளைப் பறிக்கிறது எல்லாம் அதில் தண்டனைக்குரிய குற்றம். வசூல் நெருக்கடியால் ஒருத்தர் தற்கொலை செய்துகொண்டால், நெருக்கினவர் தற்கொலைக்குத் தூண்டியதாகவே எடுத்துக்கப்படும்.

போனில் வர்ற லோன் ஆப் பத்தியும் ஒரு வார்த்தை. பிள்ளைங்க அவசரத்துக்கு 5,000, 3,000 வாங்கிடுறாங்க. நம்ம போனில் இருக்கிற நம்பர்களையும் போட்டோக்களையும் எந்தக் கடன் ஆப்பும் எடுக்கக் கூடாதுன்னு 2022-லேயே விதி இருக்கு. போட்டோவை அசிங்கமாக மாத்தி அனுப்புவேன்னு மிரட்டினால் பணம் அனுப்பாதீங்க. உடனே 1930-க்குப் போன் போடுங்க, அது சைபர் கிரைம் உதவி எண். வீட்டில் பிள்ளையைத் திட்டாதீங்க. திட்டுக்குப் பயந்துதான் பிள்ளைங்க மறைக்கிறாங்க.

புகார் எப்படிக் கொடுக்கிறது?

முதல் படி, அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். தேதி, நேரம், வந்தவர் பேர், என்ன பேசினார், யார் பார்த்தாங்க. வாயால் சொன்னது காத்தோட போயிடும். நகல் எடுத்து வைச்சுக்கிட்டு, விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை ஒட்டி வைங்க.

இரண்டாவது படி, 30 நாள் ஆகியும் பதில் வரலை, இல்லை வந்த பதிலில் திருப்தி இல்லைன்னா ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். பணம் கட்ட வேண்டாம், வக்கீல் வேண்டாம், தமிழிலேயே எழுதலாம். 14448 எண்ணுக்குப் போன் போட்டால் தமிழில் வழி சொல்வாங்க. தபாலில் அனுப்புறவங்களுக்கு முகவரி: மையப்படுத்தப்பட்ட வரவேற்பு மற்றும் செயலாக்க மையம், ரிசர்வ் வங்கி, 4-வது தளம், செக்டர் 17, சண்டிகர் 160017. நேரா இங்கே போனால் திருப்பிடுவாங்க. முதல் படியை முடிச்சிருக்கணும்.

மிரட்டல், அடி, வீட்டுக்குள் நுழையுறது மாதிரி நடந்தால் 30 நாள் காத்திருக்க வேண்டாம். 100 அல்லது 112. காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்க. காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு நாள். பெண்கள் உதவி எண் 181.

இலவச வக்கீல் வேணும்னா 15100. சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. வங்கிச் சேவையும் கடன் சேவையும் நுகர்வோர் சட்டத்தில் வரும். நாம வட்டி கொடுத்துச் சேவை வாங்குறவங்க. தேவைன்னா 1915 எண்ணில் கேட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

இது நடக்குமான்னு கேட்பீங்க. போன வருஷம் நம்ம குழு அக்கா ஒருத்தர் வீட்டில் இரவு எட்டரை மணிக்கு இரண்டு பேர் வந்து உட்கார்ந்துட்டாங்க. அக்கா எனக்குப் போன் போட்டாங்க. நாங்க ஆறு பேர் போனோம். சண்டை போடலை. "தம்பி, தண்ணி குடிங்க. அடையாள அட்டையையும் அதிகாரக் கடிதத்தையும் காட்டுங்க"ன்னு கேட்டோம். கடிதம் இல்லை. நோட்டில் நேரத்தை எழுதி, அவங்க பேரைக் கேட்டு எழுதினோம். பத்து நிமிஷத்தில் எழுந்து போயிட்டாங்க. மறுநாள் புகார் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். இரண்டு வாரத்தில் கிளை மேலாளர் பகலில் வந்தார். தவணையைப் பாதியாக்கி, மாசத்தைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். அக்கா இன்னைக்கு வரைக்கும் தவறாமல் கட்டுறாங்க.

கவனிங்க, கடன் மாயமாகலை. அக்கா கட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. நான் சொல்றது, கட்டாமல் தப்பிக்கிற வழி இல்லை. வாங்கினதைக் கொடுக்கணும், அதுதான் நம்ம குழுக்களின் பேரே. மரியாதையோடு கொடுக்கலாம்னு மட்டும்தான் சொல்றேன். அந்தத் தம்பிகளும் டார்கெட்டுக்கு ஓடுறவங்கதான். அவங்களும் யாரோ ஒரு அம்மா பெத்த பிள்ளைங்கதான். தண்ணி கொடுத்தே கேட்கலாம். ஆனால் கேட்கணும்.

நம்ம பங்கு

கடைசியா ஒண்ணு. நம்ம கூட்டமைப்பும் கடன் கொடுக்குது, வசூலிக்குது. வெளியாளுக்குச் சொல்ற விதி நமக்கும் பொருந்தணும். அதனால் இந்த மேடையில் மூணு தீர்மானத்தை முன்வைக்கிறேன். அடுத்த கூட்டத்தில் கையெழுத்துப் போடலாம்.

எந்தக் குழுவும் பாக்கிக்காக ஒரு உறுப்பினர் வாசலில் கூட்டமாகப் போய் நிற்கக் கூடாது. ஒருத்தர் போய்த் தனியாகப் பேசணும்.

தவணை தவறினவங்களிடம் முதல் கேள்வி "எப்போ தருவே?" என்று இருக்கக் கூடாது. "என்ன ஆச்சு?" என்று இருக்கணும்.

கடன் நோட்டு ஒண்ணு ஒவ்வொரு குழுவிலும் இருக்கணும். வெளிக் கடன் யார் யாருக்கு எவ்வளவுன்னு விருப்பப்பட்டவங்க எழுதலாம். அதை வைச்சு, தண்டலுக்குப் போகும் முன்னாடி நம்ம சேமிப்பிலிருந்து கொடுக்க முடியுமான்னு பார்க்கலாம்.

யாருக்காவது கடன் நெருக்கடியில் உயிரை விட்டுடலாம்னு தோணினால் 14416-க்குப் போன் போடுங்க. இல்லை, எனக்குப் போடுங்க. எந்த நேரமானாலும் எடுப்பேன். அதுக்கு 9 மணி, 6 மணி கணக்கெல்லாம் கிடையாது.

அந்தத் தங்கச்சி பொண்ணு, கதவுக்குப் பின்னாடி நின்ன பிள்ளை, இப்போ பன்னிரண்டாம் வகுப்பு படிக்குது. இந்தப் பேச்சை முதலில் அதுகிட்டத்தான் படிச்சுக் காட்டினேன். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்துச்சு. வேற ஒண்ணும் சொல்லலை. "நல்லாப் பேசுங்க பெரியம்மா"ன்னு மட்டும் சொல்லுச்சு.

பேசிட்டேன்.